ஏழாவது ஷரத்து

1968 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். கிணற்றில் பத்து வாளி இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். குளித்துத் திருநீறு பூசி, ஆறு மணிக்குக் காபி குடித்தேன். ஆறேகாலிலிருந்து ஏழு வரை முந்தின நாளின் குறிப்பை எழுதினேன். அன்றன்று நடந்ததை அன்றே எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றே எழுதினால் கோபமோ சந்தோஷமோ கூட வந்து உட்கார்ந்துகொள்ளும். தூங்கி எழுந்து எழுதினால் நடந்தது மட்டும் மிஞ்சும். இருபத்திரண்டு வயதிலிருந்து இப்படித்தான். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு.

ஒன்பதரைக்குப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே புளியமரத்தடியில் மேசையைப் போட்டேன். நான் பத்திரம் எழுதுகிறவன். அதற்கு முன் எட்டு வருஷம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் வீட்டிலும் தறி இருந்தது. ஆனால் எனக்குக் கால் சரியாக மிதித்தால் கை தவறும், கை சரியாக ஓடினால் கால் நின்றுவிடும். அப்பா ஒரு வருஷம் பார்த்தார். பிறகு, "பட்டு வீணாவுது, நீ பள்ளிக்கூடத்துக்கே போ" என்று எழுப்பி அனுப்பிவிட்டார். கை எழுத்தில்தான் வந்தது. முத்திரைத் தாளில் கோடு போடாமல் இருபத்தெட்டு வரி எழுதுவேன், ஒரு வரியும் சாயாது.

அன்று மதியத்துக்குள் ஓர் அடமானப் பத்திரமும் ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதாக ஒன்று எழுத வேண்டியிருந்தது. அதை மரத்தடியில் எழுத முடியாது. பிற்பகல் மூன்று மணிக்கு என் தங்கை வீட்டுக்கு ஆள் வந்து, அவள் புருஷனுடைய தறியைப் பிரித்து எடுத்துப் போகப் போகிறார்கள். "மனப்பூர்வமாக ஒப்படைக்கிறேன்" என்று அவர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதை நான் எழுத வேண்டும். தறி போவதற்குக் காரணமான பத்தியை எழுதியவனும் நான்தான்.

அந்தப் பத்தி எழுதப்பட்டது அதே வருஷம் பங்குனியில். நாற்பது தறிக்குமேல் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை வாங்குகிற ஒரு முதலாளி என் மேசைக்கு வந்தார். அதுவரை எங்கள் ஊரில் முதலாளிக்கும் நெசவாளிக்கும் நடுவில் பத்திரம் கிடையாது. ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் பட்டு இவ்வளவு எடை, ஜரிகை இத்தனை மார்க்கு என்று குறித்திருக்கும். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. அந்த வருஷம் ஒருவன் தறியில் ஏற்றக் கொடுத்த பட்டுப் பாவோடு ஜரிகையையும் சுருட்டிக்கொண்டு சேலம் பக்கம் போய்விட்டான். இனிமேல் எல்லாரிடமும் கரார் எழுதி வாங்குவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார்.

"பட்டு, ஜரிகை, எத்தனை புடவை, என்னைக்குக் குடுக்கணும், எல்லாம் எழுதுங்க பத்திரக்காரரே. தேதி தப்பினா இன்னான்னு எழுதுங்க. அதான் முக்கியம்."

"ஒரு நாளைக்கு இத்தனை ரூபாய் அபராதம்னு போடலாம், முதலாளி."

"ரூபாய்னு போட்டா ரூபாயைக் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பான். ஏழு நாளைக்கு ரூபாய் போடுங்க. எட்டாம் நாள் தறின்னு போடுங்க."

"தறியையா?"

"தறியைத்தான்."

அப்போது எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மை இல்லை. குமாஸ்தாவாக இருந்த காலத்தில் மாகறல் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் மீது வழக்கு வந்தது. குறித்த நாளில் செங்கல் கொடுக்காவிட்டால் இரண்டாயிரம் ரூபாய் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார். கொடுக்கவில்லை. முன்சீப் அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வழக்குப் போட்டவரைத்தான் கேட்டார்: செங்கல் வராததால் உமக்கு என்ன நஷ்டம்? அவர் வேறு சூளையில் கொஞ்சம் விலை கூட்டி வாங்கியிருந்தார், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் விலையை மட்டும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. வக்கீல் சாயங்காலம் எனக்கு விளக்கினார். ஒப்பந்தச் சட்டம் எழுபத்து நான்காம் பிரிவு. பயமுறுத்துவதற்காக எவ்வளவு பெரிய தொகை எழுதினாலும் அது ஓர் உச்ச எல்லை மட்டுமே. நியாயமான நஷ்டம் எதுவோ அதற்குமேல் கோர்ட்டு தராது. நான் அதை என் குறிப்பில் எழுதி, கீழே கோடும் போட்டு வைத்திருக்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். "கோர்ட்டுக்குப் போனா இது அப்படியே நிக்காதுங்க."

"கோர்ட்டுக்குப் போறதுக்கா எழுதறோம்? படிச்சா வயித்துல புளி கரையணும்பா. கரைஞ்சா நெய்வான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைய குறிப்பில் "முதலாளி நகைச்சுவையாகப் பேசக்கூடியவர்" என்று எழுதியிருக்கிறேன்.

ஏழாவது ஷரத்து இப்படி அமைந்தது: "மேற்படி கெடுத் தேதிக்குள் புடவைகளை ஒப்படைக்கத் தவறினால், முதல் ஏழு நாட்களுக்கு நாளொன்றுக்கு ரூபாய் ஐந்து வீதம் அபராதம் செலுத்துவதுடன், எட்டாவது நாள் முதல், எக்காரணத்தை முன்னிட்டும் யாதொரு ஆட்சேபணையும் சொல்லாமல், என் தறியையும் அதைச் சேர்ந்த சகல உபகரணங்களையும் மேற்படியார் வசம் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்."

"எக்காரணத்தை முன்னிட்டும்" என்ற வார்த்தைகளை முதலாளி கேட்கவில்லை. நானாகப் போட்டேன். அது இல்லாமல் படித்தபோது வாக்கியம் நடுவில் தொய்வாக இருந்தது. போட்ட பிறகு நிமிர்ந்து நின்றது. முதலாளி இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பெயர், எடை, தேதிக்கு மட்டும் இடம் விட்டுப் பன்னிரண்டு படிகள் எழுதிக் கொடுத்தேன். யார் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதில் ஒன்று மே 27ஆம் தேதி மாப்பிள்ளையிடம் போயிற்று. என் தங்கை புருஷனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டாவது வரை படித்தவர். சினிமா நோட்டீசைக்கூட அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிப்பவர். இந்த ஒன்றை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு பாவில் மூன்று புடவை, கெடு நாற்பத்தைந்து நாள். ஜூலை 11க்குள் கொடுக்க வேண்டும். மூன்றாவது புடவை ஒரு கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை. அரக்கு நிற உடல், பச்சைக் கரை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால், அதாவது குறுக்கு இழை ஓட்டும் கட்டையால், கோத்து நெய்கிற கோர்வை வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளை தறியில் உட்கார, கரைப் பக்கத்து நாடாவை என் தங்கை தள்ளிக் கொடுப்பாள். மற்ற இரண்டு புடவையும் நாளுக்கு முன்பே போய்விட்டன. மூன்றாவது பாதி நெய்திருந்தபோது, ஜூன் 24 அன்று, மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனார்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தீட்டு. தீட்டில் தறியில் கை வைப்பதில்லை. அதுவும் முகூர்த்தப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். தீட்டு வீட்டில் நெய்ததென்று தெரிந்தால் பெண் வீட்டார் அந்தப் புடவையைக் கையால் தொட மாட்டார்கள். முதலாளி துக்கம் கேட்க வந்தார். நான் வாசலில் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தேன். போகும்போது தறியைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"பெரியவர் நல்ல சாவா பூட்டாரு. நீ காரியத்தைப் பாருப்பா. முகூர்த்தப் புடவை, தீட்டுல கை வெச்சுடாதே. தெரிஞ்சா என் பேரு கெட்டுடும்."

அங்கே குறைந்தது பத்துப் பேர் இருந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது.

ஜூலை 9ஆம் தேதி கருமாதி. மறுநாள் தறியைக் கழுவிக் கற்பூரம் காட்டி உட்கார்ந்தார்கள். ஜூலை 22 காலையில் புடவையை மடித்துக் கடையில் கொடுத்தார்கள். கெடு தாண்டிப் பதினோரு நாள். அதற்குள் அந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது. பெண் வீட்டார் முதலாளி கடையிலேயே வேறு புடவை எடுத்துக்கொண்டார்கள், விலையும் அதிகம். நம்முடைய அரக்குப் புடவையை அவர் ஆவணி முகூர்த்தத்தில் விற்றுவிட்டார். ஆகவே முன்சீப் கேட்ட அந்த ஒரே கேள்வியைக் கேட்டால், முதலாளிக்குச் சொல்லப் பதில் இல்லை. நஷ்டம் ஒரு காசும் இல்லை.

ஆடி மாதம் முழுவதும் ஒன்றும் பேசாமல் இருந்தார். ஆவணி பிறந்ததும் கணக்குப்பிள்ளையை அனுப்பித் தறியைக் கேட்டார். மாப்பிள்ளை ஏழு நாள் அபராதத்தை இரண்டு தவணையில் தருவதாகச் சொன்னார். காசு வேண்டாம், தறிதான் வேண்டும் என்று பதில் வந்தது. செவிலிமேட்டுப் பக்கம் இடம் வாங்கிக் கொட்டகை போட்டிருக்கிறார், அங்கே வரிசையாகத் தறி போட்டுக் கூலிக்கு ஆள் வைக்கப்போகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரிய வந்தது. ரூபாய் வேண்டாம், தறி என்று எழுதுங்கள் என்று அவர் சொன்னதற்கு அப்போதுதான் எனக்கும் அர்த்தம் தெரிந்தது.

நான் கடைக்குப் போனேன். என் மனைவியோ தங்கையோ என்னை அனுப்பவில்லை. நானாகப் போனேன் என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

"முதலாளி, தீட்டுல கை வெக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்."

"சொன்னேம்பா. இல்லேன்னு சொல்லலை." வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "எழுதினேனா?"

அது என் தொழிலின் மொழி. இருபது வருஷமாக வாய்ப்பேச்சை நம்பி வருகிறவர்களிடம் நான் சொல்லி வந்ததுதான்: எழுதினீரா?

இப்போது செப்டம்பர் 19க்கு வருகிறேன். பன்னிரண்டே முக்காலுக்கு மேசையை மடக்கிவிட்டுத் தங்கை வீட்டுக்கு நடந்தேன். முதலாளியின் ஆட்கள் மூன்று மணிக்குத்தான் வருவார்கள். இரண்டேகால் மணி நேரம் இருந்தது. அந்த இரண்டேகால் மணி நேரத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: மாப்பிள்ளை, கொடுக்காதீங்க, கோர்ட்டுக்குப் போகட்டும், இது நிக்காது.

மாப்பிள்ளை தறியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீடுகளில் தறி குழித்தறி. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி, நெய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். தறியில் பாவு இல்லை.

"வாங்க மச்சான். குந்துங்க."

தங்கை சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் தறியைப் பற்றிப் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்ததும் கேட்டேன், என்னவோ தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, கரார்ல கையெழுத்துப் போடறப்ப ஏழாவது ஷரத்தைப் படிச்சீங்களா?"

"இல்லை மச்சான்."

"எல்லாத்தையும் படிக்கிற ஆளாச்சே நீங்க."

"படிக்கத்தான் எடுத்தேன். எடுத்தா உங்க கையெழுத்து. எறும்பு சாரை போற மாதிரி வரிசையா. கணக்குப்பிள்ளைகிட்ட, இது எங்க மச்சான் எழுதினது, இதையும் படிச்சுப் பாத்தா அப்புறம் நான் ஊட்டுக்குப் போவ முடியுமாய்யான்னு சிரிச்சிக்கினே போட்டேன்." அப்போதும் கொஞ்சம் சிரித்தார். "உங்க மேல தப்பு இல்லை. நீங்க எனக்குன்னு பாத்தா எழுதினீங்க?"

எனக்காக அவர் சமாதானம் சொன்னார். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

தங்கைதான் கேட்டாள். அவள் சின்ன வயதிலிருந்தே நேராகக் கேட்பவள்.

"அண்ணா, நீ வக்கீல்கிட்ட இருந்தவன். இது கோர்ட்டுல நிக்குமா?"

மணி இரண்டு பத்து. இதை நான் மறக்கவே முடியாது, ஏனென்றால் அவள் கேட்டதும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பார்த்தேன்.

"எழுதிக் குடுத்திருக்குதேம்மா" என்றேன்.

"எழுதிக் குடுத்திருக்குது, தெரியும். நிக்குமான்னு கேட்டேன்."

"கேசு போட்டா வருஷக்கணக்குல ஆவும். முதலாளிக்கு வேற பலம் இருக்குது."

இந்த இரண்டு வாக்கியமும் பொய் இல்லை. பொய் சொல்லாமலே ஒருவரை எப்படி ஏமாற்றுவது என்பது எனக்குத் தொழில். அவள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை எனக்கு நானே கேட்டிருக்கிறேன். அந்த முதலாளியும் அவருக்கு வேண்டியவர்களும் கொடுத்த எழுத்து வேலை என் வரும்படியில் பாதி. இது ஒரு காரணம், இதை மறைக்கவில்லை. ஆனால் இது மட்டுமே காரணமென்றால் எனக்கு இவ்வளவு கசப்பு இருந்திருக்காது. பிழைப்புக்காக எல்லாரும் ஏதோ ஒன்றைச் செய்கிறோம். உண்மை வேறு. அந்த ஷரத்து நிற்காது என்று நான் சொல்லியிருந்தால், நான் எழுதியது வெறும் பயமுறுத்தல், அதைத் தெரிந்தேதான் எழுதினேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை எந்தக் கையெழுத்தை நம்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாரோ, அந்த எழுத்து வெறும் பூச்சாண்டி என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. தறி போனாலும் போகட்டும், என் எழுத்து நிற்கட்டும் என்று என் மனசு அந்த இரண்டு பத்துக்கு முடிவு செய்துவிட்டது. அப்படி முடிவு செய்கிறது என்று எனக்கே அப்போது தெரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரிந்துதான் இருந்தது.

மூன்று மணிக்குக் கணக்குப்பிள்ளையும் மூன்று ஆட்களும் கைவண்டியோடு வந்தார்கள். கணக்குப்பிள்ளை கரார்ப் படியை எடுத்து ஏழாவது ஷரத்தை வாசித்தார். "எக்காரணத்தை முன்னிட்டும்" வந்தபோது என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், நல்ல சங்கீதத்துக்கு அசைக்கிற மாதிரி. நான் பெட்டியைத் திறந்து தாளும் பேனாவும் எடுத்தேன். ஒன்பது வரி. "மனப்பூர்வமாகவும், பிறருடைய தூண்டுதல் எதுவும் இல்லாமலும்" என்பது நான்காவது வரி. எழுதி முடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கி, இந்த முறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். பிறகு திரும்ப ஒரு முறை படித்தார். கணக்குப்பிள்ளை, "இன்னாப்பா, மச்சான் எழுதினதுதானே" என்றார்.

"அதனாலதான்" என்றார் மாப்பிள்ளை. கையெழுத்துப் போட்டார்.

அந்த வார்த்தையை அவர் கோபமாகச் சொல்லவில்லை. இரும்புக் கடையில் ஆணி விலை கேட்பவர் மாதிரிச் சொன்னார்.

தறியைப் பிரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மேலே தொங்கிய, பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டியை முதலில் இறக்கினார்கள். பிறகு அச்சு, பலகை, நெய்த துணியைச் சுற்றுகிற படமரம். படமரத்தில் மாப்பிள்ளையின் அப்பா வயிறு உரசி உரசி ஓர் இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. கூலிக்காரர்களில் ஒருவன் அதைத் தடவிப் பார்த்து, "நல்ல மரம்மா" என்றான். கடைசியாக மிதிகட்டைகளைக் குழியிலிருந்து எடுத்தான். அதன் பிறகு வீட்டு நடுவில் குழி மட்டும் இருந்தது, முட்டியளவு ஆழம்.

தங்கை அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "சகல உபகரணமும்னு போட்டிருக்குதுல்ல? குழியை விட்டுட்டுப் போறீங்களே" என்றாள்.

"அத எப்படிம்மா தூக்கிக்கினு போறது" என்றான் அந்தக் கூலிக்காரன், விளையாட்டென்று நினைத்து.

"எங்க அண்ணாகிட்ட சொல்லுங்க. அதுக்கும் ஒரு ஷரத்து எழுதிக் குடுப்பாரு."

கூலிக்காரர்கள் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. சின்ன வயதில் அவளுக்கு நான்தான் அ, ஆ எழுதிக் கொடுத்தேன். அவள் என்னை மூன்றாம் மனிதரைப் போல "எழுதிக் குடுப்பாரு" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது, இதை எழுதுகிற வருஷத்தில், மாப்பிள்ளை செவிலிமேட்டுக் கொட்டகையில் கூலிக்கு நெய்கிறார். அவருடைய தறியே அவருக்குக் கிடைத்தது. கணக்குப்பிள்ளை அதை ஒரு உபகாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கரைப் பக்கத்து நாடாவுக்கு அங்கே கூலி ஆள் உண்டு, என் தங்கைக்கு வேலை இல்லை. வீட்டுக் குழியைப் பலகை போட்டு மூடி, மேலே அரிசி மூட்டை வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு அழைக்கிறார்கள், போகிறேன், பேசுகிறோம். ஆனால் அவர்கள் வீட்டுக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் வந்தாலும், முனிசிபாலிட்டி நோட்டீஸ் வந்தாலும், அதை மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்கிறார்கள். வாத்தியாருடைய எழுத்து அவ்வளவு சரியாக இருக்காது. வரிகள் சாயும்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஒப்படைப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதைக் கணக்குப்பிள்ளையே கொடுத்திருக்கலாம். நான்தான் கொண்டுவர வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கடையில் விளக்குப் போட்டு, ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். அவர் கடிதத்தைப் படித்து மடித்து மேசைக்குள் வைத்தார்.

"உங்க சொந்தக்காரன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆளுக்குப் பாவு குடுத்திருப்பேனே, பத்திரக்காரரே."

"எனக்குத் தெரியாதுங்க."

"சரி, உடுங்க. அவனுக்கும் நஷ்டம் இல்லை. கொட்டகையில உக்காந்து நெய்யட்டும். பாவு ஓட்டற கவலை இல்லை, மழை பெஞ்சா குழியில தண்ணி வர்ற கவலை இல்லை."

அப்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு பத்துக்குச் சொல்ல வேண்டியதை ஐந்தரைக்குச் சொன்னேன், அதுவும் சொல்லக் கூடாத ஆளிடம்.

"அவர் கேசு போட்டிருந்தா தறி உங்களுக்கு வந்திருக்காதுங்க. உங்களுக்கு நஷ்டமே இல்லை. தீட்டுன்னு நீங்களே நிறுத்தியிருக்கீங்க. முன்சீப் தூக்கிப் போட்டிருப்பாரு."

அவருக்குக் கோபம் வரவில்லை. "ஆமா. எனக்குத் தெரியும். நீங்கதானே பங்குனியில சொன்னீங்க" என்றார். பிறகு மெதுவாக, அக்கறையோடு கேட்கிற மாதிரிக் கேட்டார்: "அவனுக்குத் தெரியுமா?"

நான் ஊதுவத்திச் சாம்பலைப் பார்த்தேன்.

"அதான் பாத்தேன்" என்றார்.

வேலைக்காரரைக் கூப்பிட்டு எனக்குக் காபி வரவழைத்தார். குடித்தேன். காபி நன்றாக இருந்தது, சர்க்கரை சரியாக இருந்தது. இதையெல்லாம் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது சொன்னார்:

"ஒண்ணு. அந்த எக்காரணத்தை முன்னிட்டும், அது நல்லா இருக்குது. ஆனா உங்க மாப்பிள்ளை என்கிட்ட வந்து, சாவுத் தீட்டும் அதுல சேருமாங்கன்னு கேட்டான். இனிமே எவனும் வந்து கேக்கக் கூடாது. அதையும் ஒரு வரி போட்டுச் சேத்துடுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பன்னெண்டு படி வேணும். கொட்டகைக்கு இன்னும் தறி வேண்டியிருக்குது."

"சரிங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். தறி போய்விட்டது என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. எட்டு மணிக்குச் சாப்பிட்டேன், ஒன்பதுக்குப் படுத்தேன். தூக்கம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் நாலே முக்காலுக்கு எழுந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முந்தின நாளின் குறிப்பு தள்ளிப்போயிற்று. பிறகு எழுதியபோதும் அது ஒரு வரிதான்: தறி போயிற்று, பத்திரம் ஒன்று, மனு ஒன்று, கடிதம் ஒன்று. அன்று காலை தண்ணீர்கூட இறைக்கவில்லை. விளக்கை ஏற்றி, பேனாவில் மை நிரப்பி, முள்ளைத் துணியால் துடைத்து, முதல் தாளில் ஏழாவது ஷரத்து வரை எழுதி, அதற்குக் கீழே சேர்த்தேன்: "சாவுத் தீட்டு, பிறப்புத் தீட்டு ஆகிய நாட்களும் மேற்படி கெடுவில் சேரும்."

வரி சாயவில்லை.